இரண்டு ஜோடி பழைய ஸ்பீக்கர்கள், ஒரே அறை

1970-களில் வெளிவந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றின் முகப்பில் ஸ்பீக்கருக்கென்று தனியாக ஒரு திருகு இருக்கும். அதில் ‘ஏ’, ‘பி’, ‘ஏ+பி’ என்ற நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். கூடத்தில் ஒரு ஜோடியும் வேறோர் அறையில் இன்னொரு ஜோடியும் வைத்துப் பாட்டுக் கேட்பதற்கான ஏற்பாடு அது. பழைய ஸ்பீக்கர்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வலர்கள் பலர் இதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். குணத்தில் மாறுபட்ட இரு ஜோடிகளை ஒரே அறையில் வைத்து ஒருசேர ஒலிக்கவிடுகிறார்கள். ஒன்றின் பேஸும் மற்றதன் தெளிவும் சேர்ந்து கிடைக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. இரு ஜோடிக்கும் ஒரே வேலையைக் கொடுத்தால் பெரும்பாலும் அது கைகூடாது. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் கைகூடும்.

முதலில் பார்க்க வேண்டியது ஓம் கணக்கு. ‘ஏ+பி’ நிலையில் பெரும்பாலான கருவிகள் இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்க்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு அப்படிச் சேர்ந்தால் ஆம்ப்ளிஃபையருக்கு 4 ஓம் ஆகத் தெரியும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிறந்த ஏஆர்-3ஏ 4 ஓம் ஸ்பீக்கர். மேற்குக் கரையின் புகழ்பெற்ற ஜேபிஎல் எல்100 8 ஓம். இவ்விரண்டையும் சேர்ப்பது பலருக்கும் தோன்றும் ஆசை. சேர்த்தால் கிடைப்பது சுமார் 2.7 ஓம். அதுவும் பெயரளவுக் கணக்குதான். சில அதிர்வெண்களில் ஓம் இன்னும் கீழே இறங்கும். மின்னோட்டம் கூடி டிரான்சிஸ்டர்கள் சூடேறும், பாதுகாப்புச் சுற்று இல்லாத பழைய கருவியில் அவை எரிந்தும் போகலாம். ‘ஏ+பி’ நிலையில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் குறைந்தது எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று கருவியின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தால், அதை மீறவே கூடாது.

சில நிறுவனங்கள் ‘ஏ+பி’யைத் தொடரிணைப்பாக அமைத்தன. இதில் ஆம்ப்ளிஃபையருக்கு ஆபத்தில்லை, ஒலிதான் கெடும். ஒரு ஸ்பீக்கரின் ஓம் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். தொடரில் இருக்கும் இரண்டும் மின்னழுத்தத்தை அந்த ஓம் விகிதத்தில்தான் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றதன் ஒலியில் படியும். ஒரே மாடல் என்றால் பங்கு சமமாக விழுவதால் இந்தக் கேடு இராது.

அடுத்தது உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால், பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ தருவது சுமார் 83 டெசிபல். கிளிப்ஷ் நிறுவனத்தின் ஹார்ன் வகைகள் 95-ஐ எளிதாகத் தாண்டும். 10 டெசிபல் வேறுபாட்டை ஈடுகட்டவே 10 மடங்கு வாட் வேண்டும். இப்படிப்பட்ட இரண்டை ஒரே திருகில் ஓடவிட்டால் சத்தமான ஜோடி மட்டுமே காதில் விழும். இரண்டாவது ஜோடிக்குத் தனி வால்யூம் கொண்ட தனி ஆம்ப்ளிஃபையர் கொடுப்பதே சரியான வழி. ஓம் சிக்கலும் அத்தோடு தீர்ந்துவிடும்.

பழைய பெட்டிகளில் ப்ளஸ், மைனஸ் முனைகளையும் நம்பிவிட முடியாது. ஜேபிஎல் நீண்ட காலம் எதிர்மாறான வழக்கத்தைப் பின்பற்றியது: சிவப்பு முனைக்கு ப்ளஸ் கொடுத்தால் அதன் வூஃபர் உள்ளே போகும். மற்ற நிறுவனங்களின் வூஃபர் வெளியே வரும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் கூம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் உதிர்ந்திருக்கிறதா, கிராஸ்ஓவரில் உள்ள கெபாசிட்டர்கள் வலுவிழந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் இடம் என்ற சிக்கல் மிஞ்சும்; உண்மையில் பெரிய சிக்கல் அதுதான். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து புறப்பட்டு, வெவ்வேறு தொலைவைக் கடந்து காதுக்கு வருகிறது. தொலைவில் 34 செ.மீ. வேறுபாடு இருந்தால் 500 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். அதற்கு மேலும் சீப்பின் பற்கள் போல வரிசையாகப் பள்ளங்கள் விழும். பாடகர் நடுவில் நிற்பதுபோன்ற அந்தத் தெளிவான ஸ்டீரியோ தோற்றம் கலங்கிவிடும். அமெரிக்காவில் 1970-களில் அட்வென்ட் ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவர்கள், மேலே இருப்பதைத் தலைகீழாகக் கவிழ்த்து இரு ட்வீட்டர்களையும் அருகருகே கொண்டுவந்தார்கள். அது பலன் தந்தது. ஆனால் அங்கே இரண்டும் ஒரே மாடல்.

வெவ்வேறு மாடல்களுக்கு வேலைப் பிரிவினைதான் வழி. பெரிய வூஃபர் உள்ள ஜோடியிடம் பேஸை மட்டும் ஒப்படைத்து, மேலுள்ள ஒலிகளைச் சிறிய ஜோடிக்கு விடலாம். ஆம்ப்ளிஃபையர்களுக்கு முன்னால் வைக்கும் எலக்ட்ரானிக் கிராஸ்ஓவர் இந்தப் பிரிப்பைச் செய்யும். 80 ஹெர்ட்ஸில் அலைநீளம் 4 மீட்டருக்கும் அதிகம் என்பதால், பெட்டிகள் சற்றுத் தள்ளியிருந்தாலும் அவ்வளவாகக் கெடுவதில்லை. 1970-களில் மார்க் லெவின்சன் அமைத்த எச்க்யூடி சிஸ்டம் இதன் உச்சம்: ஹார்ட்லியின் 24 அங்குல வூஃபர், பக்கத்துக்கு இரண்டு குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக், டெக்காவின் ரிப்பன் ட்வீட்டர். மூன்று நிறுவனங்களின் சரக்கு. ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வெண்ணை மட்டுமே பாடியது.

செலவில்லாத இன்னொரு வழி டேவிட் ஹாஃப்லர் பரப்பியது. இரண்டாவது ஜோடியைக் கேட்பவருக்குப் பின்னால் வைத்து, அவ்விரண்டையும் தொடராக்கி, ஆம்ப்ளிஃபையரின் இடது, வலது ப்ளஸ் முனைகளுக்கு இடையே இணைக்க வேண்டும். இரு சேனல்களிலும் சமமாக உள்ள ஒலி அங்கே கழிந்துவிடும். நடுவில் நிற்கும் குரல் பின்னால் ஏறக்குறைய கேட்காது; அரங்கின் எதிரொலியும் கைத்தட்டலுமே கேட்கும். முன் ஜோடியின் ஸ்டீரியோ தோற்றம் குலையாது, பின்னால் இருப்பது எந்த மாடல் என்பதும் பெரிதாகப் பொருட்டில்லை. வித்தியாச ஒலி மெலிதாக இருக்கும் என்பதால் உணர்திறன் கூடிய பழைய பெட்டிகளே இதற்குப் பொருத்தம். இரு மைனஸ் முனைகளும் உள்ளே பொதுவாக இணைந்திருக்கும் ஆம்ப்ளிஃபையரில் மட்டுமே இதைச் செய்யலாம். பிரிட்ஜ் முறையில் இயங்கும் கருவிகளில் செய்யக் கூடாது.