நீராடுதுறைக்கும் ஒழுங்கு வேண்டும்

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் ஆறு என்றால் அது கொசஸ்தலையாறுதான். சித்தூர் மாவட்டத்திலிருந்து எல்லை கடந்து வந்து, பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்லும் இவ்வாற்றில் ஆண்டின் பெரும்பகுதியில் மணலே காணப்படும். ஆதலின், நீர் வந்துவிட்டால் சிறுவரும் பெரியோரும் ஆவலோடு இறங்குவதில் வியப்பில்லை. ஆனால் நீரின் வரவை உள்ளூர் மழையைக் கொண்டு மட்டும் கணித்துவிட இயலாது. மேலே ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம் நிரம்பித் திறக்கப்பட்டால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு பெருகும். 2021 நவம்பரில் அவ்வாறு வந்த வெள்ளத்தில் இவ்வட்டாரத்துத் தரைப்பாலங்கள் மூழ்கின. துறையில் துணி துவைப்போர் இந்நீரின் வேகத்தை உணருமுன் அது முழங்காலைக் கடந்துவிடும்.

வெள்ளம் வடிந்தபின் அச்சம் நீங்கிவிடுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. 2022 ஜூன் 5 அன்று, கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் தடுப்பணைப் பக்கம் குளிக்கச் சென்ற ஏழு பெண்கள், சிறுமியர் உட்பட, மூழ்கி இறந்தனர். அது வெள்ளக் காலமே அன்று. தடுப்பணையின் அடியில் பாயும் நீர் மணலை அரித்துப் பள்ளமாக்கும். மண் தோண்டிய குழிகளும் நீருக்கடியில் மறைந்திருக்கும். ஓரடி முன்னே இடுப்பளவாக இருந்த நீர், அடுத்த அடியில் ஆளை விழுங்கும்.

ஆகவே, ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் ஊராட்சியார் துறையை மூங்கிற்கழியால் அளந்து பார்த்தல் வேண்டும். சென்ற ஆண்டின் ஆழம் இவ்வாண்டுக்கு உதவாது. இடுப்பளவு நீர் முடியும் இடத்தில் கம்பம் நட்டுக் கயிறு கட்டலாம். கரையில் நீண்ட கயிறும் கழியும் எப்போதும் இருக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மூழ்குவோரைக் காக்க நீந்தத் தெரியாதார் குதித்தல் கூடாது. கயிறு, வேட்டி, சேலை, கவிழ்த்த பிளாஸ்டிக் குடம் ஆகியவற்றுள் கைக்குக் கிடைத்ததை வீசுவதே முறை. மீட்டவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றும் பழைய வழக்கத்தால் பயனில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதியும் மார்பை அழுத்தியும் மூச்சை மீட்க முயலவேண்டும்.

இனித் தூய்மை. குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் உரிய நீர்நிலைகளைப் பேணுதலை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. ஆற்றில் குடிநீர்த்துறை மேலேயும், குளிக்கும் துறை அதன் கீழேயும், மாடு கழுவும் இடம் எல்லாவற்றிற்கும் கீழேயும் இருத்தல் வேண்டும். குளத்திற்கோ மேல் கீழ் என்பதில்லை. குளிக்கும் குளம் வேறு, குடிக்கும் குளம் வேறு என்று பிரிப்பதொன்றே வழி.

இப்பிரிவினையின் அருமையை நரம்புச் சிலந்தி நோய் நமக்குக் கற்பித்தது. படிக்கிணற்றில் இறங்கி நின்றவர் காலின் புண்ணிலிருந்து புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அவற்றை நீர்ச்சிற்றுயிர் உண்ணும். அந்நீரைக் குடிப்பவர் உடலில் ஓராண்டு கழித்துப் புழு முளைக்கும். மருந்தும் தடுப்பூசியும் இல்லாத அந்நோயை, படிக்கிணறுகளில் கால் படாமல் தடுத்தும், நீரை வடிகட்டியும், நீர்ச்சிற்றுயிரை மருந்திட்டு அழித்துமே இந்தியா ஒழித்தது. 1996-இல் இராசத்தானில் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000-இல் உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாட்டை அந்நோயற்றதென அறிவித்தது.

நீச்சற்குளங்களில் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கிணற்று நீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது சுகாதாரத் துறையினர் கொள்ளும் பொதுக் கணக்கு. அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றவேண்டும். பாசி படர்ந்த குளத்தில் எவ்வளவு இட்டாலும் பாசியே குளோரினை உண்டுவிடும். தூர்வாரிப் பாசி நீக்குவது முதல் வேலை. 2024-இல் கேரளத்தில், கோழிக்கோட்டுப் பகுதியில் குளத்தில் குளித்த சிறுவன் ஒருவன் அமீபா மூளைக்காய்ச்சலால் இறந்தான். அவ்வுயிர் மூக்கின் வழியே ஏறுவது. தேங்கிய நீரில் தலைகீழாய்ப் பாயும் பிள்ளைகளைத் தடுக்க இஃதொன்றே போதிய காரணமாகும்.

திருத்தணிச் சரவணப் பொய்கையில் ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் பெருகும்போது கைப்பிடிக் கம்பியும் காவலும் கண்கூடாகத் தேவைப்படுகின்றன. சிற்றூர்த் துறையில் கூட்டமில்லை என்பதால் காவலுமில்லை. அங்கே அறிவிப்பே காவல். 2022-இல் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு அரசு பணித்தது. அவ்விடத்தை ஒலிபெருக்கி நிரப்பவேண்டும். மேலே நீர் திறக்கும் செய்தி வந்தவுடன் துறைக்கும் வயலுக்கும் அது எட்டவேண்டும். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள்ளமையால், ஒலிபெருக்கியிலும் துறைப் பலகையிலும் தமிழோடு தெலுங்கும் இடம்பெறல் வேண்டும்.