வெயில் இருக்கிறது, கம்பி போதுமா?

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு யோங் பெங் வண்டியை நிறுத்திச் சாப்பிடும் ஊர். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்துக்கோ அது ஒரு முக்கியச் சந்திப்பு. 1994-இல் தொடங்கிய 500 கிலோவோல்ட் மின்தடத் திட்டத்தின் முதல் கட்டத்தில், கெடாவின் குரூணிலிருந்து காப்பார் வரை ஒரு தடமும், பாசீர் கூடாங்கிலிருந்து யோங் பெங் வரை இன்னொரு தடமும் அமைந்தன. 500 கிலோவோல்ட் பகுதி மட்டும் மொத்தம் 522 கிலோமீட்டர். எரிவாயுவையும் நிலக்கரியையும் எரித்து ஒரே இடத்தில் மொத்தமாக ஆக்கும் மின்சாரத்தை நகரங்களுக்குக் கொண்டுபோகத்தான் அன்று அந்தக் கோபுரங்களை நட்டார்கள். சூரிய மின்சாரத்தின் கணக்கு வேறு. நாட்டில் வெயில் நன்றாக அடிப்பது கெடா, பெர்லிஸ் பக்கம். தேவை வேகமாக ஏறுவதோ ஜொகூரின் கூலாய், செடெனாக், இஸ்கந்தார் புத்திரி வட்டாரத்துத் தரவு மையங்களில். வடக்கின் வெயில் தெற்கின் தேவையைத் தீர்க்க வேண்டுமானால், யோங் பெங் போன்ற சந்திப்புகளைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அதனால் சூரியப் பலகைகளுக்கு முன்பே கம்பிகளுக்குத் திட்டமிட வேண்டும் என்கிறேன்.

இதில் அவசரம் இருக்கிறது. 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டமும் அதையே முன்வைக்கிறது. எரிசக்தி ஆணையம் 2024-இல் ஐந்தாம் சுற்றுப் பெரிய சூரியப் பண்ணைகளுக்கு 2,000 மெகாவாட் ஏலம் விட்டது. 2025-இல் மேலும் 2,000 மெகாவாட்டுக்கு அழைப்பு வந்தது. தீபகற்பத்தின் உச்சத் தேவை 2024-இல் 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நிலம் கையில் இருந்தால் ஒரு சூரியப் பண்ணையை ஓரிரு ஆண்டுகளில் கட்டி முடிக்கலாம். உயர் அழுத்தத் தடம் அப்படியல்ல. அளவெடுப்பு, நில உரிமையாளர்களின் இசைவு, காட்டு நிலத்துக்கு அனுமதி, கோபுர வேலை என்று ஆண்டுகள் ஓடிவிடும். இந்த இடைவெளியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தியா காட்டியிருக்கிறது. ராஜஸ்தானில் தடங்கள் தயாராகாததால் 2025-இல் சூரியப் பண்ணைகள் நடுப்பகலில் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. காற்று பலமாக வீசும் பருவத்திலேயே காற்றாலைகளை நிறுத்திவைத்த அனுபவம் தமிழ்நாட்டுக்கும் உண்டு. அதே தமிழ்நாட்டில் 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பண்ணை எழுந்தபோது, 400 கிலோவோல்ட் துணைமின் நிலையமும் அங்கேயே வந்தது. செய்ய முடியாத காரியம் இல்லை.

மலேசியச் சூரியப் பண்ணை ஆண்டு முழுதும் சராசரியாகத் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தருகிறது. நூறு மெகாவாட் பண்ணைக்கு நூறு மெகாவாட் கம்பி இழுத்துவிட்டு, இரவெல்லாம் அதைச் சும்மா விடுவதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பண்ணையின் வாசலிலேயே மின்கலத் தொகுதி வைத்தால், நடுப்பகல் மிகுதியை அந்தியில் அனுப்பலாம். சிறிய கம்பியே போதும், அதுவும் அதிக நேரம் வேலை செய்யும். ஆனால் அந்த வாதம் பண்ணையிலிருந்து கிளம்பும் கிளைக் கம்பிக்குத்தான் பொருந்தும். முதுகெலும்பான 500 கிலோவோல்ட் தடம் ஒரு பண்ணைக்கு உரியதல்ல. ஜொகூரில் மேகம் மூடும்போது கெடாவில் வெயில் அடிக்கலாம். அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது நீண்ட தடம்தான். அழுத்தத்தை இரட்டித்தால் அதே மின்சாரத்துக்கு ஓட்டம் பாதியாகும், கம்பியில் சூடாகி வீணாவது கால்பங்காகும். தொலைதூரத்துக்கு உயர் அழுத்தம் தேவைப்படுவது இதனால்தான்.

வீட்டுக் கூரைகளில் பலகை போட்டால் போதாதா? போட வேண்டும், தாராளமாகப் போட வேண்டும். ஆனால் ஒரு தரவு மையமே நூறு மெகாவாட்டுக்கு மேல் கேட்கும்போது, இரவு பகல் ஓயாத அந்தத் தேவையைக் கூரைகளால் மட்டும் தீர்க்க முடியாது. செலவைப் பற்றிய கவலை இதைவிடக் கனமானது. 2025 ஜூலை முதல் மின்கட்டணத்தில் கட்டமைப்புக் கட்டணம் தனியாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. கம்பிக்கு யார் எவ்வளவு கொடுக்கிறோம் என்று இனிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தரவு மையங்களுக்காக விரியும் தடத்தின் சுமை சாதாரணக் குடும்பத்தின் தலையில் விழக் கூடாது.

நிலத்தின் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் வந்தபோது கொங்கு நாட்டு விவசாயிகள் போராடினார்கள். கோபுரம் நின்ற நிலத்தின் மதிப்புக் குறைகிறது என்ற அவர்கள் குறை உண்மையானது. கம்பிக்குக் கீழே உயரமான மரம் வளர்க்க முடியாது. செம்பனை நட்ட சிறு தோட்டக்காரருக்கு அது நேரடி இழப்பு. ஆகவே முதலில் பழைய தடங்களிலேயே அதிக வெப்பம் தாங்கும் புதுவகைக் கம்பிகளை மாற்றிப் பார்க்க வேண்டும். அதே கோபுரங்கள் இன்னும் கூடுதலான மின்சாரத்தைச் சுமக்கும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் மட்டுமே புது நிலத்தில் கால்வைக்க வேண்டும். 1990-ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டம் நில உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கவும் இழப்பீடு கேட்கவும் வழி வைத்திருக்கிறது. யோங் பெங், குளுவாங், பத்து பகாட் வட்டாரத்தில் நிலம் வைத்திருக்கும் நம்மவர்களே, அப்படியொரு அறிவிப்பு கைக்கு வந்தால் அதை மூலையில் போட்டுவிடாமல், கெடு முடிவதற்குள் மாவட்ட நில அலுவலகத்தில் எழுத்து மூலம் பதில் கொடுங்கள்.