ஒரே துப்பாக்கி, ஒரே குறி.. ஆனா ஒரு குண்டு மட்டும் ஏன் கீழே போகுது? ஹேண்ட்லோடிங் வேகக் கணக்கு இதுதான்!

குறி இருப்பது 1000 கெஜம் தள்ளி. அதாவது 914 மீட்டர். காற்று அசையல, கை நடுங்கல. முதல் குண்டு நடு வட்டத்தில். அடுத்தது ஒரு சாண் கீழே! தப்பு யார் மேல? பல நேரங்களில் சுட்டவர் மேல இல்ல, தோட்டா மேலதான்.

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் நீண்ட தூர ரைஃபிள் போட்டிக்குப் போகும் பலர், தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிறார்கள். ஏற்கெனவே சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புது பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி உருவாக்குவார்கள். இதுக்குப் பேர்தான் ஹேண்ட்லோடிங். இதில் அவர்கள் தேடுவது அதிக வேகம் இல்ல. எல்லா தோட்டாவுக்கும் ஒரே வேகம்!

20 அடி வித்தியாசம் என்ன பண்ணும்?

.308 வின்செஸ்டர் ரக தோட்டாவை எடுத்துக்கலாம். 175 கிரைன் எடையுள்ள குண்டு, குழாயை விட்டு நொடிக்கு சுமார் 2600 அடி வேகத்தில் வெளியேறும். 1000 கெஜம் போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க புவிஈர்ப்பு அதைக் கீழே இழுத்துக்கிட்டே இருக்கும்.

வேகம் 20 அடி குறைஞ்சா, ஒரு சதவீதம்கூட இல்லையே என்று தோணும். ஆனா குறியில் அது சுமார் 8 அங்குலம் கீழே விழும். 'எஃப் கிளாஸ்' போட்டியில் 1000 கெஜ குறியின் 10 புள்ளி வட்டத்துக்கு மொத்த அகலமே 10 அங்குலம்தான். நடுவில் இருந்து 5 அங்குலம் தாண்டினால் புள்ளி போச்சு.

வேகம் மாறுவது எதனால்?

வெடிமருந்து எடை: கிரைன் என்பது மிகச் சின்ன அளவு. 7000 கிரைன் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. 0.1 கிரைன் என்பது சுமார் ஆறரை மில்லிகிராம், ஒரு அரிசியை விடக் குறைவு. அவ்வளவு மாறினாலே வேகம் சில அடி மாறும்.

கூட்டின் உள்ளளவு: மருந்து ஒரே அளவா இருந்தாலும், கூட்டுக்குள் இடம் குறைந்தால் அழுத்தம் கூடும், வேகமும் கூடும். அதனால்தான் ஒரே கம்பெனி, ஒரே லாட் கூடுகளாகப் பிரித்து வைப்பார்கள்.

கழுத்தின் பிடி: குண்டைப் பிடித்திருக்கும் பித்தளைக் கழுத்து, சுடச் சுட இறுகிப் போகும். ஒரு கூடு இறுக்கமாகவும், இன்னொன்று தளர்வாகவும் பிடித்தால் வேகம் சீராக வராது. கழுத்தைச் சூடாக்கி மறுபடி மென்மையாக்குவது இதுக்காகத்தான்.

பிரைமர்: எல்லா தோட்டாவிலும் ஒரே ஆழத்தில் உட்கார வேண்டும். இல்லன்னா மருந்து பற்றிக்கொள்வது சீராக இருக்காது.

வெயில்: சூடான மருந்து பொதுவாக அதிக அழுத்தம் தரும். தோட்டாவை வெயிலில் வைத்தாலோ, சூடான குழாய்க்குள் போட்டுவிட்டு யோசித்துக்கிட்டே இருந்தாலோ வேகம் மாறும்.

5 ஷாட்டை நம்பலாமா?

வேகத்தை அளக்க குரோனோகிராஃப் கருவி இருக்கு. இப்போது கையடக்க ரேடார் வகையும் வந்துவிட்டது. வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுது என்பதைக் காட்டும் எண்தான் திட்ட விலக்கம். அது 10 அடிக்குக் கீழே வந்தால் ஹேண்ட்லோடிங் செய்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

இங்கதான் பலர் ஏமாறுகிறார்கள். உண்மையில் 10 அடி விலக்கம் உள்ள தோட்டாவை 5 முறை மட்டும் சுட்டால், கருவி 4 என்றும் காட்டலாம், 16 என்றும் காட்டலாம். எல்லாம் அதிர்ஷ்டம்! 30 முறை சுட்டால் பெரும்பாலும் 7-க்கும் 13-க்கும் நடுவில் வரும். 5 ஷாட்டில் '4' வந்துடுச்சுன்னு குஷியாகி, அதே தோட்டாவோடு போட்டிக்குப் போனா, ஏன் குண்டு மேலும் கீழும் போகுதுன்னு புரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

இந்திய வீரர்கள் என்ன பண்றாங்க?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளியோடு வெண்கலம் வென்றது 50 மீட்டர் ரைஃபிள் 3 பொசிஷன் பிரிவில். அதில் பயன்படும் .22 தோட்டாவில், தீப்பற்றும் ரசாயனம் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். அதனால் நடைமுறையில் ஹேண்ட்லோடிங்குக்கு வழியில்லை.

அப்போ என்ன வழி? இந்தப் பிரிவில் போட்டியிடுபவர்கள் பல லாட் தோட்டாக்களைத் தங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, பொருந்தும் லாட்டை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். எலே, லாபுவா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே சோதனைக் கூடம் வைத்திருக்கின்றன.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

கூடவே கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாமல் தயாரித்தால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை உண்டு. அனுமதி உள்ள நாடுகளிலும், தயாரிப்பு நிறுவனம் வெளியிடும் அளவைத் தாண்டி மருந்து போட்டால் துப்பாக்கியே வெடித்து, சுட்டவரின் கண்ணும் கையும் போகலாம்.

அடுத்த முறை டிவியில் துப்பாக்கிச் சுடுதல் பார்க்கும்போது, நடு வட்டத்தில் விழும் குண்டைக் கவனிங்க. அதுக்குப் பின்னாடி கை நடுங்காத வீரர் மட்டுமில்ல, வேகம் மாறாத தோட்டாவும் இருக்கு!