கலை படித்தோருக்குக் கணிப்பொறி ஆகாதா?

திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போடும் பட்டறைகளிலே ஒரு சொல் வழங்குகிறது: பஞ்சிங். பனியனின் நெஞ்சில் யானை வேண்டுமா, மயில் வேண்டுமா? ஊசி எங்கே இறங்க வேண்டும், எத்தனை முறை இறங்க வேண்டும், நூலின் நிறம் எப்போது மாற வேண்டும் என்பதைக் கணிப்பொறியில் வரிசைப்படுத்தித் தருகிற வேலைக்கு அந்தப் பெயர். பஞ்ச் என்றால் துளையிடுதல். இன்றைய வேலையிலே துளையும் இல்லை, துளையிடும் கருவியும் இல்லை. பெயர் மட்டும் ஏன் நிற்கிறது?

பெயருக்குள்ளே ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த இயந்திரங்களுக்குத் துளையிட்ட அட்டையும் நாடாவும்தான் கட்டளை கொடுத்தன. அந்த முறையின் வேரைத் தேடிப் போனால் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தின் பட்டுத்தறிக்குப் போய்ச் சேருகிறோம். 1804-ஆம் ஆண்டில் ஜோசப் மரி ஜாக்கார்டு தம்முடைய தறிக்கு உரிமை பெற்றார். அட்டையிலே துளை இருந்தால் பாவு நூல் எழும்பும். துளை இல்லாவிட்டால் எழும்பாது. அட்டையை மாற்றினால் பூ மாறும். தறி அதே தறி, கட்டளை வேறு!

இதைக் கண்ட இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், பூ நெய்யும் அட்டையைக் கொண்டு கணக்கை நெய்யலாம் என்று திட்டமிட்டார். அவருடைய இயந்திரம் கட்டி முடிக்கப்படவில்லை. ஆனால் அதன் ஆற்றலை 1843-இல் விரிவாக எழுதி விளக்கியவர் ஏடா லவ்லேஸ். கவிஞர் பைரனின் மகள், கணிதமும் கற்றவர். எண்ணோடு நில்லாமல் இசையைக்கூட இத்தகைய இயந்திரம் இயற்றக்கூடும் என்று அன்றே எழுதிய அம்மையார் அவர்.

ஆக, கணிப்பொறி பிறந்த வீட்டிலே தறியும் இருக்கிறது, கவிதையும் இருக்கிறது. அப்படியிருக்க, நூலை நம்பி வாழும் ஊரில் பிறந்து, கலைப் பாடம் படிக்கிற பிள்ளையைப் பார்த்து, “நீ படிப்பது பி.ஏ. தமிழ்தானே, பி.ஏ. வரலாறுதானே, உனக்கேன் கணிப்பொறி?” என்று கேட்கிறார்களே, இது என்ன நியாயம்?

கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுவோம். திருப்பூர் என்ற சொல்லில் எழுத்து எத்தனை? தி, ரு, ப், பூ, ர். ஐந்து என்று பள்ளிச் சிறுவன் சொல்லிவிடுவான். இன்று பெரிதும் பயிலப்படும் பைத்தான் என்னும் நிரல்மொழியிலே கேட்டுப் பாருங்கள். பத்து என்று விடை வரும்! ஏனென்றால், கணிப்பொறி ‘தி’ என்பதைத் தகரம் ஒன்று, துணைக்குறி ஒன்று எனப் பிரித்து வைத்திருக்கிறது. ‘ப்’ என்பதைப் பகரம் ஒன்று, புள்ளி ஒன்று என வைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணுகிறது.

இந்தப் பிழையைத் திருத்துவது யார்? பொறியியல் படித்தவரானாலும், மெய்யும் உயிர்மெய்யும் இன்னதென்று அறியாதவரால் ஆகாது. தமிழ் படித்த பெண்ணால் ஆகும். “ஒவ்வொரு குறியாகப் பார், அது புள்ளியாகவோ துணைக்குறியாகவோ இருந்தால் விட்டுவிடு, இல்லையென்றால் ஒன்று கூட்டு.” இவ்வளவுதான் கட்டளை. ஐந்தாறு வரியில் எழுதிவிடலாம். விடை ஐந்து என்று வந்துவிடும். அவள் எழுதியதற்குப் பெயர்தான் நிரல்!

அதோடு முடிந்ததா? இல்லை. ‘க்ஷ’ வந்தால் இந்த விதி அதை இரண்டாக எண்ணும். உடனே விதிக்கு விலக்கு எழுத வேண்டும். தொல்காப்பியம் படித்தவளுக்கு இது புதிதா? விதி கூறிப் பின் புறனடை கூறும் நெறி அவளுக்குப் பாடமாயிற்றே! நிரல்நிறை என்று இலக்கணத்திலே படித்தவளுக்கு, நிரல் என்ற சொல்லே பழகிய சொல்லாயிற்றே!

இலக்கணம் இயந்திரத்துக்குள் இறங்கியதற்குச் சான்றும் உண்டு. 1999-இல் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்தது; அதையொட்டித் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. அதிலே ஞகரத்தை அடித்து அடுத்துச் சகரத்தை அடித்தால் ஞகரத்தின் மேல் புள்ளி தானே விழும். பஞ்சு என்று எழுத, புள்ளியைத் தேடி விரல் அலைய வேண்டியதில்லை. மெல்லெழுத்தை அடுத்து அதன் இன வல்லெழுத்து வருவது தமிழின் இயல்பு என்ற இலக்கண அறிவுதான் அங்கே நிரலாயிற்று.

உலகிலும் இந்த உறவு பழையது. 1949-இல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட்டோ பூசா, தாமஸ் அக்வினாஸ் என்ற தத்துவ அறிஞரின் நூல்களிலுள்ள சொற்களையெல்லாம் அட்டவணையாக்க ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடினார். பல ஆண்டுகள் நடந்த அந்தப் பணிக்கு அட்டைகளைத் துளையிட்டுத் தந்தவர்கள் இளம்பெண்கள். பாதிரியாரின் பெயர் புத்தகத்தில் ஏறிற்று. அந்தப் பெண்களின் பெயரோ நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. மறுகரையிலிருந்து வந்தவரும் உண்டு. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கித் தமிழ் நூல்களை உலகெங்கும் இலவசமாகப் படிக்க வழி செய்த கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். வேதியியல் படித்தவர் இலக்கியத்துக்கு வரலாம். இலக்கியம் படித்தவர் இயந்திரத்துக்கு வரக் கூடாதா?

வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று இருந்துவிட முடியாது. பனியன் கம்பெனியின் சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணிப் பாருங்கள். ஓவர்லாக் டெய்லர் எத்தனை பீஸ் தைத்தார், ரேட் என்ன, ஒன்றரை ஷிப்டுக்கு எவ்வளவு, முன்பணத்தில் கழிந்தது எவ்வளவு என்றெல்லாம் அன்று கணக்கப்பிள்ளையின் பேரேடு சொல்லிற்று. படிக்கத் தெரிந்தவர் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டார். தெரியாதவர் கைநாட்டு வைத்துவிட்டு நகர்ந்தார். பேரேட்டின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டால், “கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது” என்பதே முடிந்த முடிவாகிவிடும். கம்ப்யூட்டர் தானாகவா சொல்கிறது? யாரோ ஒருவர் எழுதிய கட்டளையை அது ஒப்பிக்கிறது. அந்தக் கட்டளையைப் படிக்கத் தெரிந்தவர்கள் தொழிலாளர் வீட்டிலே இல்லையென்றால், பட்டம் பெற்ற பிள்ளையும் கைநாட்டு வைத்தவராகத்தானே நிற்பார்? பொருளியல் படித்தவர் கூலிக் கணக்கின் நிரலைப் படிக்க வேண்டும். வரலாறு படித்தவர் பழைய ஆவணங்களைத் தொகுக்க நிரல் எழுத வேண்டும். அவரவர் பாடத்துக்கே அது துணை.

“கணக்கு வராதே!” என்பார்கள். படம் வரையவும் பெரும் தரவை அலசவும் கணிதம் வேண்டும், மறுக்கவில்லை. தொடங்குவதற்குக் கூட்டலும் ஒழுங்கான சிந்தனையும் போதும். “ஆங்கிலம் வராதே!” என்பார்கள். பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஏறத்தாழ 35தான். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். கட்டளைகளே தமிழில் அமைந்த எழில் என்னும் நிரல்மொழியை முத்தையா அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார்.

“இப்போது செயற்கை அறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி எதற்கு?” என்று புதிதாக ஒரு கேள்வி கிளம்பியிருக்கிறது. எழுதித் தரட்டும். எழுதித் தந்தது ‘க்ஷ’வை இரண்டாக எண்ணியிருக்கிறதா, டெய்லரின் கூலியில் அரை ஷிப்டை விட்டிருக்கிறதா என்று பார்ப்பது யார்? செக்கிங் இல்லாமல் பனியன் பெட்டிக்குள் போவதில்லை. நிரலுக்கு மட்டும் செக்கிங் வேண்டாமா?

ஒன்றை எச்சரிக்கவும் வேண்டும். மூன்று மாதத்தில் வேலை, கை நிறையச் சம்பளம் என்று பலகை மாட்டி அழைப்போரை நம்பிக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள். நிரல் எழுதக் கற்பது தையல் கற்பதைப் போல. தைத்துப் பிரித்து, பிரித்துத் தைத்துத்தான் கை பழகும். நாள்தோறும் ஒரு மணி நேரம் என்றாலும் ஓர் ஆண்டு வேண்டும்.

கதவுகள் திறக்கத் தொடங்கியிருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய நிரலாக்க, தரவு அறிவியல் பட்டப்படிப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் கலைப்பிரிவு படித்தவருக்கும் இடம் தருகிறது. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து தகுதித் தேர்வில் தேறினால் போதும். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கலைக் கல்லூரி மாணவரையும் தொட்டிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால், கதவு திறந்தால் மட்டும் போதாது. கதவு வரைக்கும் பாதை வேண்டும்!

திருப்பூரிலே சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் பி.ஏ. படிக்கும் ஒவ்வொருவருக்கும் நிரல் எழுதுவது ஒரு பாடமாகட்டும். தமிழிலே கற்பிக்கட்டும். அவரவர் பாடத்திலிருந்தே பயிற்சி கொடுக்கட்டும். வீட்டிலே கணிப்பொறி இல்லாத பிள்ளைக்காக ஆய்வுக்கூடம் மாலையிலும் திறந்திருக்கட்டும். கேட்பது சலுகையல்ல, எழுத்தறிவு. கைநாட்டை ஒழிக்கப் பள்ளி திறந்த நாடு இது. இயந்திரத்தின் முன்னே இன்னொரு கைநாட்டுத் தலைமுறை உருவாகப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? கூடாது. கூடவே கூடாது!