பறத்தலின் விலை: ஒரு மருமகனின் கேள்வியை முன்வைத்து

“மாமா, றெக்கைய குடுத்துட்டு எதுக்கு மேல எழும்ப வுடமாட்டேங்கறான்?”

கிருமாம்பாக்கத்தில் அக்கா வீட்டுத் திண்ணை. அவள் மகன் செல்போனில் கென்ஷின் இம்பாக்ட் (2020) விளையாடிக்கொண்டிருந்தான். அந்த ஆட்டத்தில் உச்சியிலிருந்து குதித்தால் சிறகு விரியும். ஆனால் சறுக்கியபடி இறங்கத்தான் முடியும். தெம்பு தீர்ந்துவிட்டால் பொத்தென்று விழ வேண்டியதுதான். போதாததற்குச் சிறகுக்கு உரிமம் வாங்க ஒரு சோதனை வேறு! சின்னப் பையன் கேள்வி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. பறக்கும் ஆற்றலை யாருக்கு, எப்போது, எந்த விலையில் தருவது என்பது அதிகாரம் குறித்த கேள்விதான்.

திறந்த உலக ஆட்டம் என்பது நடப்பவருக்காக எழுதப்பட்ட பிரதி. ஆறு, செங்குத்துப் பாறை, காவல் கூடாரம், பூட்டிய கோட்டைவாசல் எல்லாம் அதன் வாக்கியங்கள். பறக்கத் தெரிந்தவர் ஒரே தாவலில் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறார். தூரம் சுருங்குகிறது, ஆபத்து கீழேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் ஆட்டத்தை வடிவமைப்பவர்கள் பறத்தலைச் ‘சமன்’ செய்யப் பார்க்கிறார்கள். இதில் மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

முதலாவது, தடை. மாரோவிண்ட் (2002) ஆட்டத்தில் மந்திரத்தால் மிதக்கலாம். அதிலுள்ள டெல்வானி மந்திரவாதிகளின் கோபுரங்களில் மேலே ஏறப் படியே கிடையாது. மிதக்கத் தெரியாதவனுக்கு அங்கே வேலையில்லை என்று பொருள். அடுத்து வந்த அப்ளிவியன் (2006) மிதத்தலையே நீக்கிவிட்டது. நகரங்கள் தனித்தனித் துண்டுகளாகச் செய்யப்பட்டிருந்தன; மதிலுக்கு மேலே பறந்து போனால் உள்ளே நிஜமான நகரம் இருக்காது. ஆனால் கதைக்குள் சொல்லப்பட்ட காரணம், மிதப்பதைத் தடை செய்யும் ஒரு சட்டம். தன் இயலாமையைச் சட்டமாக அறிவிப்பது அரசுகளுக்கு மட்டுமே உரிய பழக்கமல்ல போலும்.

இரண்டாவது, ஒத்திப்போடுதல். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2007இல் பறக்கும் வாகனங்களைப் புதிய நிலப்பரப்பில் மட்டும், அதுவும் எழுபதாம் நிலையை எட்டியவர்களுக்கே தந்தது. பழைய நிலம் மேலிருந்து பார்க்கப்படுவதற்காகக் கட்டப்பட்டதல்ல. 2010இல் அதைத் திருத்திக் கட்டிய பிறகே அங்கும் பறக்க விட்டார்கள். 2014இல் வந்த பகுதியில் பறக்க முடியாது என்றார்கள். 2015இல் அதையே நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னபோது ஆட்டக்காரர்கள் கொந்தளித்தார்கள். கடைசியில் ஒரு சமரசம்: முதலில் நிலம் முழுக்க நடந்து காட்டு, பிறகு பற.

மூன்றாவது, உடலின் விலை. செல்டா வரிசையில் 2017இல் வந்த ஆட்டத்தில் சறுக்குபாய் உண்டு. தெம்பு உள்ளவரைதான் அது தாங்கும். 2023இல் வந்ததில் இறக்கைப் பலகை சிறிது நேரம் பறந்தபின் மறைந்துவிடும்.

இது நமக்குப் புதிதா? சாத்தனாரின் மணிமேகலையில் காயசண்டிகை வான்வழி செல்லும் விஞ்சை மகள். முனிவரின் நாவல்கனியைச் சிதைத்ததால் பறக்கும் மந்திரத்தை மறந்து, பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பெரும்பசியில் தரையில் அலைகிறாள். பசி தீர்ந்து ஊருக்குப் பறக்கும்போது விந்தமலைக்கு நேர் மேலே போய்விடுகிறாள். அங்கே காவலிருக்கும் விந்தாகடிகை அவளை நிழலைப் பற்றி இழுத்து வயிற்றில் அடக்கிக்கொள்கிறாள். சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை வலப்பக்கம் திருகினால் எழும்பும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். பகைவனின் வெற்றி முரசு கேட்டு விசயை மயங்க, அது சுடுகாட்டில் இறங்குகிறது. தடைப்பட்ட வான்வெளி, தீர்ந்துபோகும் ஆற்றல், ஓட்டுபவரின் உடல் எல்லாமே இங்கே ஏற்கெனவே உண்டு.

வடிவமைப்பாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மிஷேல் தெ செர்த்தோ, 1980இல் வெளியான தன் நூலில், நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து உச்சியிலிருந்து நகரைப் பார்க்கிறார். மேலிருந்து பார்ப்பவனுக்கு நகரம் வாசிக்கக் கிடைக்கும் ஒரு படம். ஆனால் நகரத்தை எழுதுவது கீழே நடப்பவர்கள்தான். எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் பாகூர் ஏரியும் வயலும் ஒரே பச்சை. தரையில் வந்தால்தான் முள்ளோடையில் புதுச்சேரி முடிந்து கடலூர் மாவட்டம் தொடங்குவது தெரியும். அதிகாரம் தன் கோடுகளைத் தரையில்தான் போட்டிருக்கிறது. பறப்பவனுக்கு அது தெரியாமலே போகலாம்.

ஆனால் தோழர்களே, ‘தரையில் நடந்தால்தான் அனுபவம்’ என்று சொல்லும்போது யாருடைய தரை அது? நான் வளர்ந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு நேர் வழி ஒரு தெரு. எங்கள் பிள்ளைகள் அந்தத் தெருவில் செருப்போடு போக முடியாது. வயக்காட்டைச் சுற்றித்தான் போனோம். அந்தச் சுற்றுவழியில் நான் எந்த அழகியல் அனுபவத்தையும் அடையவில்லை. காலில் முள்தான் ஏறியது. தினமும் ஒருதரம் அந்தத் தெருவுக்கு மேலே பறந்து போவதாக நினைத்துக்கொள்வேன். அந்தப் பையனிடம் போய், முதலில் எல்லாத் தெருவிலும் நடந்து காட்டு, பிறகு இறக்கை தருகிறேன் என்று சொன்னால் அதற்குப் பெயர் சமனா?

ஆகவே பறத்தலுக்கு விலை வேண்டாம் என்பதல்ல என் வாதம். விலை வேறு, வாசற்காவல் வேறு. களைப்பு, காற்று, வேகம், இறங்க வேண்டிய தேவை இவை பறக்கிற எவரும் தன் உடலால் கட்டுகிற விலை. உரிமம், நிலை, படியில்லாக் கோபுரம் இவை பறக்குமுன் யாரோ நின்று ‘நீ யாரு?’ என்று கேட்பது. அதே வார்கிராஃப்ட், 2022இல் தன் டிராகன்களைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தந்தது; வேகத்தையும் தெம்பையும் கணக்குப் பார்த்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். அங்கே தரையும் செத்துப்போய்விடவில்லை. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தரைக்கு உயிர் இருக்கும்.

இதையெல்லாம் மருமகனிடம் ஒருவாறு சொல்லிப் பார்த்தேன். திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்: “வுழுந்தா வுழறேன் மாமா. பரீட்சதான் எதுக்குன்னு கேக்கறன்.”