கருவண்டைக் கொல்லாமல் மரத்தைக் காக்கலாம்

காலையில் பெருக்கிவிட்ட வாசலில், பந்தல் மூங்கிலுக்கு நேர் கீழே, மாலைக்குள் மரத்தூள் குவிந்து கிடக்கும். நிமிர்ந்து பார்த்தால் தச்சர் துளையிட்டதுபோல விரல் நுழையும் அளவில் ஒரு வட்ட ஓட்டை தெரியும். காதை வைத்தால் உள்ளே கரகரவென்று அராவும் சத்தம் கேட்கும். கருவண்டு குடியேறிவிட்டது! உடனே பூச்சிமருந்தைத் தேடி ஓட வேண்டியதில்லை.

வண்டு என்று அழைத்தாலும் இது தேனீ இனம். ‘ஸைலோகோபா’ என்ற அறிவியல் பெயருக்குக் கிரேக்கத்தில் மரம்வெட்டி என்று பொருள். கரையானைப்போல இது மரத்தைத் தின்பதில்லை. குடைந்த தூளை வெளியே தள்ளிவிடும். பெண் வண்டு பலகையில் முதலில் நேராகத் துளைத்து, பிறகு மரத்தின் ரேகை ஓடும் திசையில் திரும்பிச் சுரங்கம் அமைக்கும். மகரந்தத்தையும் தேனையும் பிசைந்த ஓர் உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை, மரத்தூளைக் குழைத்துக் கட்டிய ஒரு தடுப்பு. இப்படி அறை அறையாக வளரும் அந்த வீடு.

முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டுவது பெரும்பாலும் ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது.

மூங்கிலுக்கும் வண்டுக்கும் உள்ள உறவு பழையது. அசையும் மூங்கிலின் துளைகளில் கோடைக்காற்று புகுந்து குழலிசையாக ஒலிப்பதை அகநானூற்றின் 82ஆம் பாடலில் கபிலர் பாடியிருக்கிறார். அவை வண்டு துளைத்தவை என்று உரைகள் விளக்குகின்றன.

தோட்டத்துக்கு இந்த வண்டு பெரிய உதவி. கத்தரிப் பூவின் மகரந்தம், நுனியில் மட்டும் சிறு துளையுள்ள பைகளில் அடைபட்டிருக்கும். பூவைக் கட்டிப்பிடித்துக் கருவண்டு உடலை அதிரவைத்ததும் அது பொலபொலவென்று கொட்டும். கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது.

ஆகவே கொல்லாமல் விலக்குவதே வழி. வண்டு தேடி வருவது வண்ணம் பூசாத, வெயிலில் காய்ந்து வெளுத்த மென்மரத்தை. ஜன்னல் சட்டம், ஊஞ்சல் கட்டை, கூரைக் கைமரம் எதுவானாலும் அடிப்பக்கமும் வெட்டுமுனையும் விடாமல் இரண்டு கை பெயின்ட் அடிக்க வேண்டும். வெறும் எண்ணெய்ப் பூச்சு அவ்வளவு தாங்காது. மூங்கிலின் திறந்த முனைகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம்.

பழைய துளையை அப்படியே விட்டால், அதையே துப்புரவாக்கி மேலும் நீளமாகக் குடையும். ஆனால் அவசரப்பட்டு அடைக்கக் கூடாது. உள்ளே குஞ்சுகள் இருக்கலாம். அடைபட்ட தாய் வேறு பக்கம் துளைத்து வெளியே வரவும் கூடும். வண்டுகள் வெளியேறி, சில வாரம் போக்குவரத்தே இல்லை என்று உறுதியான பிறகு, பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரை உள்ளே திணித்து, மரமுளை அடித்து, பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்தால் போதும்.

கழித்துப்போட்ட மூங்கில் துண்டுகள் நான்கைந்தைக் கட்டி, தோட்டத்து மூலையில் மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள். வண்டுக்கு அங்கே ஒரு வீடு கிடைக்கும்; உங்கள் கத்தரிச் செடியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.