மவுண்ட்பேட்டனின் தாய்

இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தாய் ஒரு ஜெர்மன் இளவரசி என்பது உங்களுக்குத் தெரியுமா?

அவர் பெயர் விக்டோரியா. ஜெர்மனியின் ஹெஸ்ஸே அரச குடும்பத்தின் மூத்த மகள். பிரிட்டிஷ் மகாராணி விக்டோரியாவின் பேத்தி. பிறந்தது 1863-இல், பாட்டியின் விண்ட்சர் அரண்மனையில்.

1878 நவம்பரில், அவர்கள் குடும்பம் வாழ்ந்த டார்ம்ஸ்டாட் அரண்மனைக்குள் தொண்டை அடைப்பான் நோய் புகுந்தது. தம்பி தங்கைகளுக்குக் கதை படித்துக் காட்டிய விக்டோரியாவுக்குத்தான் அது முதலில் கண்டது. அவர் பிழைத்துக்கொண்டார். நான்கு வயதுக் கடைசித் தங்கை மே பிழைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்த தாய் ஆலிஸும் டிசம்பர் 14 அன்று இறந்தார். பதினைந்து வயதிலேயே உடன்பிறந்தவர்களுக்குத் தாயாக நின்றார் விக்டோரியா.

1884-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியான பேட்டன்பர்க் இளவரசர் லூயிஸை மணந்தார். முதல் உலகப்போர் இந்தக் குடும்பத்தைப் பிளந்தது. 1917-இல் ஜெர்மன் பட்டங்களைத் துறந்து, பேட்டன்பர்க் என்ற குடும்பப் பெயரை மவுண்ட்பேட்டன் என்று மாற்றிக்கொண்டார்கள். மறு ஆண்டே, ரஷ்யாவில் வாழ்க்கைப்பட்ட தங்கைகள் எலிசபெத்தும், பேரரசி அலெக்சாண்டிராவும் புரட்சியாளர்களால் கொல்லப்பட்டனர்.

இத்தனை இழப்புகளையும் தாங்கிய அவர், 1947-இல் மகன் இந்திய வைஸ்ராய் ஆனதையும், மகள் வயிற்றுப் பேரன் பிலிப், பிரிட்டிஷ் இளவரசி எலிசபெத்தை மணந்ததையும் கண்டார். 1950-இல் மறைந்தார். இன்றைய பிரிட்டிஷ் மன்னர் சார்லஸ் இவரது கொள்ளுப்பேரன்.